அந்தரத்தில் நின்ற கார்

எது போனாலும் காரை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று டிராயிங்காரர் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தார். கல்யாணமான பிறகு அவர் எடுத்த முடிவுகளில் இது நாலாவது. முதல் மூன்றும் என்ன ஆயின என்று கேட்டு அந்த மனுஷனைப் புண்படுத்த வேண்டாம்.

ரோடும் வாய்க்காலும் போடுகிற ஆபீசில் படம் வரைகிறவர் அவர். எந்தத் தெரு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுவது வேலை. பதினாறு வருஷமாகக் கோடு போடுகிறார். அவர் போட்ட கோட்டின்படி இன்றைக்கு வரை ஒரு தெருவும் திரும்பியதில்லை. வீட்டில் கேட்கவே வேண்டாம். மகளுக்கு மூன்று வயது, பெயருக்குப் பதில் எல்லாருக்கும் அவள் குட்டிதான். "இங்க வா" என்றால் அந்தப் பக்கம் ஓடுவாள். குளியலறைக் குழாயை மூடுகிற பக்கம் திருப்பினால் திறந்துகொள்ளும். இந்த உலகத்தில் அவர் திருப்பின பக்கம் திரும்புகிற பொருள் ஒன்றே ஒன்று இருந்தது. பதினோரு வருஷத்துப் பழைய கார்.

அந்தக் காருக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. கடிதாசி ரூபத்தில்.

அவர் மனைவி ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்த்தவள். குட்டி பிறந்ததும் விட்டிருந்தாள். இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டிருந்தது. காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பாலத்தைத் தாண்டுகிற முதல் பஸ்ஸே ஒன்பதே காலுக்குத்தான்.

"ஏங்க, ஒண்ணாந்தேதி, திங்கக்கிழமை சேரச் சொல்லியிருக்காங்க. இன்னும் பதிமூணு நாள் இருக்கு. வண்டி எனக்கு வேணும்."

"எந்த வண்டி?"

"நம்ம வீட்டுல எத்தனை வண்டி நிக்குது?"

"குட்டியோட மூணு சக்கர சைக்கிள் ஒண்ணு நிக்குதே."

"அதை நீங்க எடுத்துட்டுப் போங்க. குட்டிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்க ஆபீசுக்குத்தான் தெருமுனையிலேயே பஸ் வருதே."

"உனக்கு ஓட்டிப் பழக்கம் விட்டுப்போச்சேம்மா."

"பழக்கம் எப்ப விட்டுச்சு? நீங்க சாவிய விட்டாத்தானே! லைசென்ஸ் வாங்கி நாலு வருஷமாச்சு. நான் முதல் தடவையே பாஸ். நீங்க எத்தனாவது தடவைன்னு குட்டி முன்னாடி சொல்ல வேணாம்னு பாக்கறேன்."

டிராயிங்காரர் சாவியைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். மனசு கணக்குப் போட்டது. கார் போனால் என்ன ஆகும்? ஆபீஸ் மரத்தடியில் அவருக்கென்று ஒரு நிழல் இருக்கிறது. அங்கே காரை நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே படியேறுவார். அந்த இருபத்தோரு படி ஏறுகிற வரைக்கும்தான் அவர் ஒரு மனுஷன். மேலே போனதும் வெறும் டிராயிங்காரர். அந்தப் படியையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன?

அப்போதுதான் அவருக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது.

ஒரு வருஷமாகவே காரின் அடியில் ஒரு சத்தம். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் 'கடக்' என்று ஒன்று, பின்னாலேயே 'மொடக்' என்று ஒன்று. அதை மறைக்க ரேடியோவை அலறவிட்டு ஓட்டுவார். தெருவே அவர் காரில்தான் செய்தி கேட்டது. இப்போது அந்தச் சத்தமே தெய்வம் போல வந்து கைகொடுத்தது.

"வண்டியை யாருமே ஓட்ட முடியாதும்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "புஷ் எல்லாம் போச்சு."

"அப்படின்னா?"

"இரும்பு வளையம் இருக்கும். அதுக்குள்ள ரப்பர். ரப்பருக்குள்ள சின்னதா ஒரு குழாய். வண்டியோட இரும்பும் இரும்பும் சேர்ற இடத்துல எல்லாம் ஒண்ணு இருக்கும். அது தேஞ்சுட்டா இரும்போட இரும்பு மோதும்."

"மூட்டுல சவ்வு தேஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க."

"அதேதான். கைகால்ல மட்டும் இல்ல. இடுப்புலயும். இன்ஜினைத் தாங்குதே சப்ஃப்ரேம், இரும்புத் தொட்டில் மாதிரி, அதுல நாலு."

"ஒர்க்‌ஷாப்புல விட்டா?"

இதுதான் அவர் பயந்த கேள்வி. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

"கண்டவன் கையில கொடுக்கறதா? பதினோரு வருஷமா என் கை பட்ட வண்டி! நானே மாத்தறேன்."

மனைவி அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். போன மாசம் அவர் அலமாரிக் கதவைச் சரிசெய்த பிறகு அந்த வீட்டில் அலமாரிக்குக் கதவு இல்லை.

"சரி," என்றாள்.

அவள் அந்த ஒரு சொல்லைச் சொன்ன பிறகு எதுவும் அவர் நினைத்தபடி நடந்ததில்லை.

திட்டம் இதுதான். காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவது. பிரித்ததைச் சேர்க்காமலே காலத்தை ஓட்டுவது. சக்கரமில்லாத காரை யார் ஓட்ட முடியும்? இரண்டு மாசம் பார்ப்பாள். யாராவது பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிற ஸ்கூட்டர்க்காரியோடு தொற்றிக்கொண்டு பழகிவிடுவாள். அதற்கப்புறம் நிதானமாகக் காரைச் சேர்த்து, மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

அன்றைக்கே ஒரு பெரிய தாளில் ஏழு வாரத்துக்கு வேலைத் திட்டம் வரைந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். கோடுகள் மயிரிழை பிசகவில்லை. மனைவி குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் படித்தாள்.

"படம் ரொம்ப நல்லா இருக்கு. நடுவுல மூணு வாரம் 'ஆறவிடுதல்'னு போட்டிருக்கீங்களே, எதை ஆறவிடணும்?"

"ரப்பரை."

"சூடா இருக்குமா?"

"உள்ளுக்குள்ள."

"முதல் வாரம் பூரா 'சாமான் வரக் காத்திருத்தல்'?"

"அது நம்ம கையில இல்லம்மா. இந்த மாடலுக்கெல்லாம் புஷ் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஒரு மாசம்கூட ஆகும்."

"வியாழக்கிழமை வந்துடுமாம்," என்றாள். "நீங்க தாள் ஒட்டிக்கிட்டிருக்கும்போதே ஆர்டர் போட்டுட்டேன்."

முதல் வாரம் அப்படிப் போயிற்று.

சனிக்கிழமை காலையில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தினார். சக்கரங்களைக் கழற்றினார். குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் போட்டு இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டார். லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கைகளைப் பிடுங்கினார். கடைசியில் சப்ஃப்ரேமையே கீழே இறக்கிவிட்டார். பிரிக்கிற வேலை இருக்கிறதே, அதில் ஒரு தனி சுகம். ஏழு மணி நேரத்தில் காரின் அடிவயிறு மொத்தமும் சிமெண்டுத் தரையில் கிடந்தது.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டை போட்டாலும் போடாவிட்டாலும் அவர் பஸ் டிரைவர் மாதிரியேதான் இருப்பார்.

"என்ன டிராயிங்காரரே, வண்டிய விக்கறீங்களா?"

"இல்லண்ணே. ரிப்பேர்."

"நான் எடைக்குப் போடத்தான் தனித்தனியா வச்சிருக்கீங்களோன்னு நினைச்சேன்."

அதற்குள் மனைவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். டப்பாவில் ஆஸ்பத்திரி மாதிரி சின்னச் சின்னக் கவர்கள். கழற்றிப்போட்ட ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்தாள். கவரில் போட்டாள். மேலே எழுதினாள்: இடது, முன், ஒன்று. இடது, முன், இரண்டு.

"என்னம்மா பண்றே?"

"லேப் பழக்கம்ங்க. சாம்பிள் கலந்துச்சுன்னா ஆளே மாறிடும்."

நாலைந்து போல்ட் தொலையும் என்பதுதான் டிராயிங்காரர் மலைபோல நம்பியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு போல்ட்டைச் சட்டைப் பையில் தள்ளிக்கொண்டு, எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் துணி துவைக்கும்போது அது கிடைத்தது. "வலது, பின், மூணு இங்க இருக்கு பாருங்க. எடுத்தவர் மறந்து பையில போட்டுட்டார் போல," என்றாள் யாரையோ சொல்வது போல. அதற்கும் ஒரு கவர் காலியாகக் காத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பழைய புஷ் எதுவும் வெளியே வருவதாக இல்லை. சுத்தியலால் அடித்தார், நகரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார், அசையவில்லை. மனசுக்குள் அவ்வளவு சந்தோஷம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"முடியாதும்மா. இதுக்கு பிரஸ் வேணும். அம்பது டன் அழுத்துற மெஷின். அது பெரிய ஃபேக்டரியிலதான் இருக்கும். நம்ம தலையெழுத்து."

"அப்படியா?" என்று அவள் கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வரும்போது பஸ் டிரைவரும் வந்தார். அவர் கையில் முழ நீளத்துக்கு மரை போட்ட கம்பி, இரண்டு நட்டு, ஒரு இரும்புக் குழாய்த் துண்டு.

"இதுக்கா மெஷின் கேட்டீங்க?" என்றார் அவர். "எங்க டிப்போவுல பஸ் புஷ்ஷையே இதுலதான் எடுக்கிறோம். கம்பிய உள்ள விடுங்க. இந்தப் பக்கம் குழாய வைங்க. அந்தப் பக்கம் நட்டை முறுக்குங்க. முறுக்க முறுக்க அதுவா வந்து குழாய்க்குள்ள விழும்."

"வராதுண்ணே."

"முறுக்குங்க."

முறுக்கினார். தோள் கழன்றது. முட்டித் தோல் உரிந்தது. 'டொப்' என்று ஒரு புஷ் குழாய்க்குள் விழுந்தது. ரப்பர் வெடித்து, வறண்ட குளம் மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா, நீங்களே எடுத்துட்டீங்க!" என்று கைதட்டினாள் மனைவி. குட்டியும் தட்டினாள். ஒரு மனுஷன் தன் குழியைத் தானே தோண்டும்போது குடும்பமே நின்று கைதட்டுகிறதே என்று நினைத்துக்கொண்டே டிராயிங்காரர் அடுத்த புஷ்ஷுக்குள் கம்பியை விட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து ஆபீசுக்கு பஸ். அந்த வழியில் ஓடுகிற பஸ்ஸை ஓட்டுவது வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான். டிராயிங்காரர் ஏறியதுமே முன்னாலிருந்து சத்தம் வந்தது.

"வாங்க டிராயிங்காரரே! எத்தனை புஷ் ஆச்சு?"

"மூணு, அண்ணே," என்றார் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு.

"இன்னும் ஒன்பது இருக்கே! வீட்டுல தங்கச்சி திங்கக்கிழமை சேரணும், தெரியுமில்ல?"

பஸ்ஸில் நின்றவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். புதன்கிழமை ஆகும்போது முன்பின் தெரியாத ஒரு கிழவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்து, "உக்காருங்க தம்பி, முறுக்கி முறுக்கித் தோள் வலிக்கும்," என்றார். ஆபீஸ் மரத்தடியில் ஸ்டோர்கீப்பர் தன் ஸ்கூட்டரைக் குறுக்காக நிறுத்தியிருந்தார். கேட்டால், "உங்க வண்டி இனிமே வராதுன்னு சொன்னாங்களே," என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்க டிராயிங்காரருக்குத் தெம்பில்லை. சாவி இல்லாத விரலை மடக்கி வைத்துக்கொண்டு இருபத்தோரு படியும் ஏறினார். அன்றைக்கு அவை நாற்பத்திரண்டு படிகளாக இருந்தன.

ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்கு வந்தால், காருக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கும். ஸ்பேனர்கள் அளவு வாரியாக வரிசையில் படுத்திருக்கும். டீயும் இருக்கும். ஒரு மனுஷன் எந்தச் சாக்கைச் சொல்லித்தான் தப்பிப்பது?

"தலை வலிக்குதும்மா."

"படுத்துக்கோங்க. வண்டிக்கு அடியிலயே படுத்துக்கோங்க, குளிர்ச்சியா இருக்கும்."

வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு பழைய புஷ்ஷும் வெளியே வந்துவிட்டன. சனிக்கிழமை புதியதைப் பொருத்த வேண்டும். டிராயிங்காரர் கடைசிக் கடைசியாக மூன்று முட்டுக்கட்டைகள் போட்டுப் பார்த்தார்.

முதல் கட்டை: "இந்த ரப்பர்ல பக்கவாட்டுல துவாரம் இருக்கு பாரு. அது எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு தெரியாம மாட்டினா வண்டி கோணிக்கும். இப்ப யாருக்குத் தெரியும்?"

"பிரிக்கறதுக்கு முன்னாடியே நெயில் பாலீஷால அம்புக்குறி போட்டுட்டேங்க. சிவப்பு இடது. ரோஸ் வலது."

இரண்டாவது கட்டை: "புது புஷ் அளவு பெருசா இருக்கும். உள்ள நுழையாது. அதை நல்லாக் குளிர வச்சுச் சுருக்கணும். அதுக்கெல்லாம் பெரிய ஏற்பாடு வேணும்."

அவள் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், பன்னிரண்டு புஷ்ஷும் கவர்களில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி.

மூன்றாவது கட்டை: "எண்ணெய் தடவினா ரப்பர் கெட்டுடும். தடவாட்டி நுழையாது. அதுக்குன்னு தனியா ஒரு வழுக்குச் சாமான் உண்டு. நம்ம ஊர்லயே கிடைக்காது."

"புத்தகத்துல சோப்புத் தண்ணி போதும்னு போட்டிருக்கே."

"எந்தப் புத்தகம்?"

"கார் வாங்கினப்ப நீங்க வாங்கினீங்களே, தடியா ஒண்ணு. பிளாஸ்டிக் உறையே பிரிக்காம இருந்துச்சு. குட்டிக்குச் சோறு ஊட்டும்போது தினம் நாலு பக்கம் படிச்சேன்." குட்டியின் ஷாம்பூப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "இதைத் தடவுங்க. கண்ணு எரியாது."

குட்டி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, காருக்குத் தலைக்கு ஊத்துறியா?"

"ஆமாம்மா," என்றார் அப்பா. "தலைமுழுகிக்கிட்டிருக்கேன்."

புஷ்கள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. சப்ஃப்ரேம் மேலே ஏறியது. இரும்புக் கைகள் இடத்தில் உட்கார்ந்தன. ஒவ்வொரு கவராகப் பிரித்து அவள் நீட்ட, ஒவ்வொரு போல்ட்டாக அவர் மாட்டினார். ஒன்று குறையவில்லை. ஒன்று மிஞ்சவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, சக்கரங்களையும் மாட்டிவிட்டு, ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிற காரைப் பார்த்தார். தோற்றுப்போகிற வேலையை இவ்வளவு சுத்தபத்தமாக உலகத்தில் எவனும் செய்து முடித்திருக்க மாட்டான்.

மனைவி தடிப் புத்தகத்தோடு வந்தாள்.

"எல்லாத்தையும் இறுக்கிட்டீங்களா?"

"இறுக்கிட்டேன்," என்றார், எழவு வீட்டில் பதில் சொல்கிற குரலில்.

"எண்பத்தி நாலாம் பக்கம் பாத்தீங்களா? புஷ் போல்ட்டை இப்படி அந்தரத்துல தொங்கும்போது முழுசா இறுக்கக் கூடாதாம். வண்டி தன் கால்ல நின்ன பிறகுதான் இறுக்கணுமாம். இல்லேன்னா கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கின மாதிரியே கிடந்து சீக்கிரம் கிழிஞ்சிடுமாம்."

வேறொருவனாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். டிராயிங்காரருக்கோ போன உயிர் திரும்பி வந்தது. பன்னிரண்டு நாளாகத் தேடிய சந்து! அவளே திறந்துவிட்டிருக்கிறாள்!

"அதைத்தாம்மா நான் அன்னையிலிருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்றார். அன்னையிலிருந்து அல்ல, ஒரு நாளும் அவர் அதைச் சொன்னதில்லை. "இது நுணுக்கமான வேலை. வெறும் வண்டியோட எடை மட்டும் போதுமா? ஓட்டுற ஆளோட எடையும் சீட்டுல இருக்கணும். ரப்பர்னா என்ன நினைச்சே? பச்சைக் குழந்தை மாதிரி. முதல்ல யார் தூக்கறாங்களோ அவங்ககிட்டயே ஒட்டிக்கும். எந்த எடையில இறுக்கறோமோ அந்த எடைக்குத்தான் பழகும். அப்புறம் வேற எடை வந்து உக்காந்துச்சுன்னு வை, போச்சு! ஒரே மாசத்துல கடக், மொடக்!"

அவள் பாயில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"புத்தகத்துல ஆள் எடையப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"புத்தகம் எழுதினவன் நாற்காலியில உக்காந்து எழுதினான். நான் ஒன்பது நாளா வண்டிக்கு அடியில கிடக்கேன்."

"அதுவும் சரிதான். அப்ப இப்ப என்ன பண்றது?"

"அதுதான் பிரச்சினையே! நான் தொண்ணூறு கிலோ. சீட்டுலயும் நான்தான் உக்காரணும், கீழ படுத்து இறுக்கவும் நான்தான் வேணும். ரெண்டு நானுக்கு எங்க போறது? என் எடையில ஒரு ஆளைத் தேடிப் பிடிக்கணும். பொறுமையாத் தேடுவோம். ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ..."

"நான் தொண்ணூத்திரெண்டு," என்றது சுவருக்கு மேலிருந்த தலை. "வரட்டுமா?"

டிராயிங்காரர் ஒரு கணம் பல்லைக் கடித்தார். மறு கணம் மூளை வேலை செய்தது. அட, இது இன்னும் நல்லதாயிற்றே! இந்த மனுஷன் உட்கார்ந்தால் கார் தொண்ணூறு கிலோவுக்குப் பழகியதாகிவிடும். அவளோ ஐம்பத்திரண்டு. இனி இந்த ஜென்மத்தில் அவள் அந்த சீட்டில் உட்கார முடியாது. பிரிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம், நாளைக்கே மரத்தடி!

"வாங்கண்ணே வாங்க! சுத்தி எதுக்கு வர்றீங்க, சுவர் ஏறியே வாங்க!"

பஸ் டிரைவர் சுவர் ஏறிக் குதித்தார். தரை கொஞ்சம் அதிர்ந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் தடித்த மரக்கட்டைகளை அடுக்கி, ஸ்டாண்டுகளை எடுத்தார்கள். கார் தன் காலில் நின்றது. அடியில் ஒரு ஆள் படுக்க இடமும் இருந்தது. டிராயிங்காரர் கீழே புகுந்து இரும்புக் கைகளில் இருந்த புஷ் போல்ட்டுகள் எட்டையும் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தார்.

"ஏறுங்கண்ணே!"

"ஒரு நிமிஷம் அண்ணே," என்றாள் மனைவி. அவர் நின்றார். அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எனக்கு இதெல்லாம் புதுசு. தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாது பாருங்க. யார் எடையில இறுக்கறோமோ, அவங்கதான் இனிமே இந்த வண்டிய ஓட்டணும். அதானே?"

"அதேதான்."

"வேற யாரும் ஓட்டக் கூடாது?"

"தொடவே கூடாது!"

"அண்ணே, உங்க காதுல விழுந்துச்சில்ல?"

"நல்லா விழுந்துச்சு தங்கச்சி. எங்க டிப்போவுல இப்படி ஒரு சட்டம் இல்ல. ஆனா டிராயிங்காரர் படிச்சவர், தெரிஞ்சுதான் சொல்லுவார்."

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். கதவைத் திறந்தாள். ஏறி ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் தகுந்தபடி திருப்பினாள்.

"இறுக்குங்க," என்றாள்.

டிராயிங்காரர் ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, விளையாட்டு..."

"விளையாட்டு இல்லீங்க. நாளைக்கு ஓட்டப்போறது நான். அப்ப என் எடைதானே இருக்கணும்? இல்ல, எடைக் கணக்கெல்லாம் சும்மா சொன்னதுன்னா சொல்லிடுங்க. தப்பே இல்ல. அண்ணனே உக்காரட்டும். அப்ப யார் வேணா ஓட்டலாம். நாளைக்கு நானும் ஓட்டலாம்."

டிராயிங்காரர் யோசித்தார். சொன்னது பொய் என்றால், நாளைக்குக் கார் அவளுக்கு. சொன்னது நிஜம் என்றால், நாளைக்கும் நாளன்னைக்கும் என்றைக்கும் கார் அவளுக்கு. பதினாறு வருஷமாகக் கோடு போடுகிறவர். இங்கே எந்தப் பக்கம் கோடு போட்டாலும் அது அவள் காலடியிலேயே போய் முடிந்தது. நடுவில் மானம் என்று ஒன்று வேறு இருந்தது, அதுவும் பஸ் டிரைவர் முன்னால், நாளைக்குக் காலையில் அதே பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கும்போது.

"நிஜம்தான்," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அட்டையை விரித்து அடியில் நுழைந்தார். பஸ் டிரைவர் டிப்போவிலிருந்து கொண்டுவந்த ஸ்பேனரை நீட்டினார். சரியான அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சொல்லுகிற ஸ்பேனர் அது. பாதி இறுக்கிவிட்டு முடிந்தது என்று சொல்லவும் வழியில்லை.

"எட்டு டிக் கேக்கணும்," என்றாள் மேலிருந்து. "நான் எண்ணறேன்."

"நானும் எடை!" என்று குட்டி கத்திக்கொண்டு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

டிக். டிக். ஒவ்வொரு டிக்குக்கும் அவருடைய ராஜ்யத்தில் ஒரு ஜில்லா பறிபோயிற்று. "ஒண்ணு, ரெண்டு, ஏழு," என்று குட்டி எண்ணினாள். அவளாவது அவர் கஷ்டத்தைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தாள். மனைவி விடவில்லை. "ஏழு இல்லடா கண்ணா, மூணு," என்றாள். அட்டையில் மல்லாந்து கிடந்த டிராயிங்காரருக்கு, ஒரு சாண் மேலே தன் கார் தன் மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதற்கும் மேலே அவள் உட்கார்ந்திருந்தாள்.

எட்டாவது டிக் கேட்டது.

மறுநாள் காலை ஏழேகால். குட்டிக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு குழந்தைப் பள்ளி கிடைத்திருந்தது. மனைவி வெள்ளைக் கோட்டை மடித்து முன் சீட்டில் வைத்துவிட்டு, சாவியைப் போட்டாள். டிராயிங்காரர் சாப்பாட்டுப் பையோடு முன் கதவைத் திறந்தார்.

"ஐயையோ, அங்க உக்காராதீங்க! நேத்து இறுக்கும்போது அந்த சீட்டு காலியா இருந்துச்சு. ரப்பர் பயந்துடப் போகுது. பின்னாடி குட்டி பக்கத்துல ஏறுங்க."

"அங்க குட்டியோட எடைதானே இருந்துச்சு?"

"ஆமா, உங்களுக்கு அங்கயும் எடை ஜாஸ்திதான். பரவால்ல, பஸ் ஸ்டாப் வரைக்கும்தானே."

முட்டி மோவாயில் இடிக்கப் பின்னால் உட்கார்ந்தார். தெரு முனையில் ஒரு பெரிய பள்ளம். ஒரு வருஷமாக அவரை 'கடக், மொடக்' என்று வரவேற்ற பள்ளம். ஒரே ஒரு கடக் கேட்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். கார் தலையணை மேல் உருண்டது போல இறங்கி ஏறியது. எலி நடந்த சத்தம்கூட இல்லை. அவர் கையால் செய்த வேலைகளில் உருப்படியாக முடிந்தது இது ஒன்றுதான் என்பதை நினைத்தால் அழுகை வந்தது.

"எவ்வளவு நல்லா பண்ணியிருக்கீங்க!" என்றாள் அவள், உண்மையான சந்தோஷத்தோடு. "அலமாரியும் இப்படியே முடிச்சுடலாம்."

பஸ் ஸ்டாப் வந்தது. ஆபீஸ் திறக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. அவர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். குட்டி டாட்டா காட்டினாள். அவர் கதவில் கை வைத்தபோது, மனைவி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். என்ன இருந்தாலும் பெண்மனசு, கடைசி நேரத்தில் இரங்கிவிட்டாள் போல என்று அவருக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

"என்னம்மா?" என்றார் ஆசையோடு.

"கதவை மெதுவா சாத்துங்க."